வில்லுக்கு கொரியா, ஓட்டத்துக்கு கென்யா... ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விளையாட்டு எப்படி வாய்க்கிறது?

ஒலிம்பிக் நடக்கும் இரண்டு வாரமும் டி.வி முன்னாடி உட்காருகிறவர்களுக்கு ஒரு விஷயம் பழகிப்போயிருக்கும். வில்வித்தை என்றால் தென்கொரியா. டேபிள் டென்னிஸ், டைவிங் என்றால் சீனா. நூறு மீட்டர் ஓட்டத்தில் மஞ்சள், பச்சை உடையில் ஜமைக்கா. நீண்ட தூர ஓட்டமா? கென்யாவும் எத்தியோப்பியாவும். குளிர்கால ஒலிம்பிக்கில் பனித்தரை மேல் சீறிப் பாயும் ஸ்பீடு ஸ்கேட்டிங் என்றால், ஆரஞ்சு உடையில் நெதர்லாந்து. ஆட்கள் மாறுகிறார்கள், கொடி மட்டும் மாறுவதில்லை.

"அது அவங்க ரத்தத்துலயே இருக்குப்பா" என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார். அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. "நமக்கெல்லாம் அந்த உடம்பு கிடையாது" என்று அடுத்த வரியும் வரும். இந்த இரண்டாவது வரிதான் வில்லங்கம். மைதானத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ பிள்ளைகளை டியூஷன் பக்கம் திருப்பிவிட்ட வரி அது. அதனால், அது உண்மையா என்று கொஞ்சம் தோண்டிப் பார்ப்பதில் தப்பில்லை.

சாப்ஸ்டிக் பிடிச்சா அம்பு குறி தப்பாதா?

தென்கொரியாவிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒலிம்பிக்கில் பெண்கள் அணி வில்வித்தை 1988 சியோல் போட்டியில் அறிமுகமானது. அன்றிலிருந்து 2024 பாரிஸ் வரை பத்து ஒலிம்பிக். பத்திலும் தங்கம் கொரியாவுக்குத்தான். பாரிஸில் ஆண்கள், பெண்கள், கலப்பு அணி என்று இருந்த 5 தங்கத்தையும் அவர்களே மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார்கள்.

இதற்குச் சொல்லப்படும் காரணங்களைக் கேட்டால் சிரிப்பு வரும். கொரியர்கள் சின்ன வயதிலிருந்தே உலோக சாப்ஸ்டிக்கில் சாப்பிடுகிறார்கள், அதனால் விரல்களில் அவ்வளவு நுணுக்கம் என்பது ஒன்று. கிம்ச்சி ஊறுகாயைக் கையால் பிசைவதால் விரல் நுனியில் உணர்வு அதிகம் என்பது இன்னொன்று. அந்தக் காலத்திலேயே குதிரை மேலிருந்து அம்பு விட்ட பரம்பரை என்பது மூன்றாவது.

சரி, பரம்பரைதான் காரணம் என்றால் பூட்டான்தானே ஜெயிக்க வேண்டும்? அங்கே தேசிய விளையாட்டே வில்வித்தைதான். திருவிழா என்றால் ஊரே வில்லோடு கூடிவிடும். ஆனால், பூட்டான் இன்றுவரை ஒலிம்பிக்கில் ஒரு பதக்கம்கூட வாங்கியதில்லை. இன்னொரு கணக்கும் உதைக்கிறது. கொரியப் பெண்கள் தனிநபர் பிரிவில் 1984-லேயே தங்கம் வாங்கிவிட்டார்கள். கொரிய ஆண்களுக்குத் தனிநபர் தங்கம் கிடைக்க 2012 வரை, அதாவது ஓ ஜின்-ஹியெக் வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில் ஒரே கிம்ச்சியைத்தானே சாப்பிட்டிருப்பார்கள்!

நடந்தது என்னவென்றால், 1979-ல் பெர்லினில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் கிம் ஜின்-ஹோ என்ற இளம்பெண் தங்கங்களைக் குவித்தார். அதுவரை இந்த விளையாட்டில் கொரியாவை யாரும் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அவருக்குத்தான் தங்கம் என்று எல்லோரும் எதிர்பார்க்க, கூடவே போயிருந்த பள்ளி மாணவி சியோ ஹ்யாங்-சூன் தங்கத்தைத் தட்டினார். கிம்முக்கு வெண்கலம். நான்கே வருடத்தில் ஒலிம்பிக் சியோலுக்கு வரப்போகிறது. சொந்த மண்ணில் பதக்கம் வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்த நாட்டுக்கு, 'இதோ, நமக்கு வரும் ஒரு விளையாட்டு' என்று தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு செய்ததுதான் முக்கியம். 1985-ல் கொரிய வில்வித்தை சங்கத்தின் தலைவர் பொறுப்புக்கு ஹூண்டாய் குடும்பத்தின் சுங் மோங்-கூ வந்தார். பிறகு 2005 முதல் அவர் மகன் சுங் யூ-சன். கார் கம்பெனி ஒன்று நாற்பது ஆண்டுகளாக ஒரே விளையாட்டின் பின்னால் நிற்கிறது. ஒரு ஒலிம்பிக்குக்கு ஸ்பான்சர் செய்து போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடவில்லை. தொடக்கப்பள்ளியிலேயே சில பள்ளிகளில் வில்வித்தைக் குழு இருக்கும். அங்கிருந்து நடுநிலை, உயர்நிலைப் பள்ளி, கல்லூரி. அதற்குப் பிறகு? இந்தக் கேள்வியில்தான் பல நாடுகள் கோட்டை விடுகின்றன. கொரியாவில் நகராட்சிகளும் நிறுவனங்களும் சம்பளம் கொடுத்து வில்வித்தை அணிகளை வைத்திருக்கின்றன. அம்பு விடுவதே வேலை, மாதச் சம்பளம் உண்டு. ஒன்பது வயதில் வில்லைத் தொட்ட பிள்ளை முப்பது வயதுவரை வழுக்காமல் ஏறிப்போக ஒரு படிக்கட்டு இருக்கிறது.

அந்தப் படிக்கட்டின் கடைசிப் படிதான் கொடூரம். தேசிய அணிக்கான தேர்வு மாதக்கணக்கில், பல சுற்றுகளாக நடக்கும். ஒவ்வொருவரும் ஆயிரக்கணக்கான அம்புகள் விட வேண்டும். பழைய பதக்கத்துக்கெல்லாம் மரியாதை கிடையாது. ரியோவில் இரண்டு தங்கம் வாங்கிய சாங் ஹே-ஜின் அடுத்த ஒலிம்பிக் அணியில் இடம்பெறவில்லை. டோக்கியோவில் மூன்று தங்கம் வாங்கி உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஆன் சான், பாரிஸுக்குப் போகவில்லை. பாரிஸுக்குப் போன மூன்று பெண்களுக்கும் அதுதான் முதல் ஒலிம்பிக். ஆனாலும், தங்கம் வந்தது. கொரியாவில் அணிக்குள் நுழைவது ஒலிம்பிக்கில் ஜெயிப்பதைவிடக் கஷ்டம் என்று விளையாட்டு வட்டாரத்தில் சொல்வார்கள். கொஞ்சமும் மிகையில்லை.

பயிற்சியும் விநோதமானது. ரசிகர்கள் கத்திக்கொண்டிருக்கும் பேஸ்பால் மைதானத்தில் நிற்கவைத்து அம்பு விடச் சொல்வார்கள். பாரிஸ் போட்டி நடக்கவிருந்த இடத்தைப் போலவே ஜின்சியோன் தேசியப் பயிற்சி மையத்தில் ஒரு செட் போட்டுப் பழகினார்கள். பாரிஸ் ஆண்கள் தனிநபர் இறுதிப்போட்டியைப் பார்த்தவர்களுக்கு இதன் பலன் புரிந்திருக்கும். கிம் ஊ-ஜினும் அமெரிக்காவின் பிராடி எல்லிசனும் சமமாக நிற்க, ஆளுக்கொரு அம்பு. இரண்டுமே பத்துப் புள்ளி. நடுப்புள்ளிக்கு யாருடையது நெருக்கம் என்று அளந்தார்கள். 4.9 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் கிம்முக்குத் தங்கம். அரிசி ஒன்றின் நீளம்கூட இருக்காது!

அந்த அமெரிக்க அணியை 2006-லிருந்து பல ஆண்டுகள் செதுக்கியவர் யார் தெரியுமா? கிசிக் லீ என்ற கொரியர். அதற்கு முன் ஆஸ்திரேலியாவில் இருந்தார். அவர் பயிற்சி கொடுத்த சைமன் ஃபேர்வெதர் 2000 சிட்னியில் தங்கம் வாங்கினார். வித்தை ரத்தத்தில் மட்டும்தான் ஓடும் என்றால், அது எப்படி விமானம் ஏறி ஆஸ்திரேலியா போனதாம்?

கென்யா: பாதி கதை மலையில், மீதி கதை பள்ளிக்கூடத்தில்

கொரியாவைவிடக் கடினமான கேள்வி கென்யா. ஏனென்றால், இங்கே இயற்கைக்கும் உண்மையிலேயே ஒரு பங்கு இருக்கிறது.

கென்யாவின் பிரபல ஓட்டக்காரர்களில் பெரும்பாலானவர்கள் நாட்டின் மேற்கே உள்ள மலைப்பகுதியில் வாழும் கலென்ஜின் மக்கள். நாட்டு மக்கள்தொகையில் அவர்கள் சிறுபான்மைதான். ஆனால், பதக்கங்களில் பெரும்பகுதி அவர்களுடையது. மெலிந்த கால், குறிப்பாக கெண்டைக்காலில் எடை குறைவு. ஓடும்போது காலைத் தூக்கி வைக்க ஆகும் செலவு அதனால் குறைகிறது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அவர்கள் ஊரான இட்டென், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரம். ஊட்டியைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஆக்ஸிஜன் குறைவாகக் கிடைப்பதால், உடம்பு சிவப்பணுக்களை அதிகமாகத் தயாரித்துச் சமாளிக்கிறது. கீழே இறங்கி வந்து ஓடும்போது அது லாபம்.

இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால், உயரம் மட்டும் போதும் என்றால் நேபாளத்திலிருந்தும் பொலிவியாவிலிருந்தும் மாரத்தான் சாம்பியன்கள் வரிசைகட்டி வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. கென்யாவிலும் அந்த மலை ஆயிரமாயிரம் வருடமாக அங்கேதான் இருக்கிறது. முதல் ஒலிம்பிக் தங்கம் வந்தது 1968-ல்தான்.

அந்த 1968 முக்கியமான வருடம். ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டியே 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தரைமட்டத்து நாட்டுக்காரர்கள் மூச்சு வாங்கித் தவிக்க, கென்யர்களுக்கு அது சொந்த ஊர் மாதிரி. நஃப்தாலி தெமு 10,000 மீட்டரில் நாட்டின் முதல் தங்கத்தை வாங்கினார். 1,500 மீட்டரில் கிப் கெய்னோ, அமெரிக்காவின் உலக சாதனையாளர் ஜிம் ரயனைத் தோற்கடித்தார். ஸ்டீபிள்சேஸில் அமோஸ் பிவோட் தங்கம் வாங்கினார். மரத்தடைகளையும் தண்ணீர்க் குழியையும் தாண்டி 3,000 மீட்டர் ஓடும் பந்தயம் அது. எல்லோரும் தண்ணீரில் ஒரு காலை வைத்துத்தான் தாண்டுவார்கள். பிவோட், கால் நனையாமல் மொத்தக் குழியையும் ஒரே எம்பில் தாண்டிக்கொண்டிருந்தார். டெக்னிக் தெரியாத ஆள் என்று சிரித்தவர்கள், கடைசியில் வாய் மூடினார்கள்.

அன்று ஆரம்பித்தது. 1976, 1980 ஒலிம்பிக்குகளை கென்யா புறக்கணித்தது. அவற்றைத் தவிர்த்தால், 2016 ரியோ வரை ஆண்கள் ஸ்டீபிள்சேஸ் தங்கம் வேறு எந்த நாட்டுக்கும் போனதில்லை. மொத்தம் 11 தங்கம். 1992-லும் 2004-லும் மூன்று பதக்கமும் கென்யர்களுக்கே. ஒரு பையன் ஜெயித்தால் அந்தத் தெருவில் பத்துப் பையன்கள் அதே பந்தயத்தில் ஓட ஆரம்பிப்பார்கள். 'பக்கத்து வீட்டு அண்ணனால முடிஞ்சா என்னாலயும் முடியும்' என்ற நம்பிக்கைக்கு ஈடாக ஒரு சத்துமாத்திரை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

1976-ல் இட்டெனில் இருக்கும் செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளிக்கு, அயர்லாந்திலிருந்து கோல்ம் ஓ'கானல் என்ற கிறிஸ்தவத் துறவி ஒருவர் புவியியல் பாடம் எடுக்க வந்தார். தடகளப் பயிற்சி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துப் பார்த்தே கோச் ஆனார். கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். அந்தப் பள்ளியில் படித்த பீட்டர் ரோனோ 1988-ல் 1,500 மீட்டர் தங்கம், மேத்யூ பிரிர் 1992-ல் ஸ்டீபிள்சேஸ் தங்கம். பின்னாளில் இவரிடம் பயிற்சி பெற்ற டேவிட் ருடிஷா, 2012 லண்டனில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். இன்றைக்கு இட்டெனின் நுழைவாயிலில் 'சாம்பியன்களின் ஊர்' என்று வளைவே வைத்திருக்கிறார்கள். விடியற்காலையில் செம்மண் சாலையில் கூட்டம் கூட்டமாக ஓடுவார்கள். அதில் யார் உலக சாம்பியன், யார் போன வாரம் ஊரிலிருந்து வந்த பையன் என்று பார்த்தால் தெரியாது. சேர்ந்து ஓடுகிறவன் தாக்குப்பிடித்தால் அடுத்த நாளும் வரலாம்.

ஏன் இத்தனை பேர் வருகிறார்கள்? சோறுதான் காரணம். விவசாயத்தை நம்பி இருக்கும் குடும்பத்துக்கு, வெளிநாட்டு மாரத்தான் ஒன்றில் கிடைக்கும் பரிசுப்பணம் நிலம் வாங்கித்தரும், வீடு கட்டித்தரும். காலில் ஷூவைத் தவிர முதலீடு எதுவும் தேவையில்லை.

அதே பணம்தான் இன்னொரு பக்கத்தையும் காட்டியது. 2016 ரியோவில் மாரத்தான் தங்கம் வாங்கிய முதல் கென்யப் பெண் ஜெமிமா சும்காங். அடுத்த வருடமே ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கித் தடை விதிக்கப்பட்டார். அவரோடு முடியவில்லை. தடைப் பட்டியலில் கென்யப் பெயர்கள் அடிக்கடி வருகின்றன. 'இயற்கையின் பிள்ளைகள்' என்று ரொமான்டிக்காக எழுதும் கட்டுரைகள் இந்தப் பக்கத்தைத் திருப்புவதே இல்லை.

இன்னொரு ஆச்சர்யம். ஆண்கள் ஸ்டீபிள்சேஸில் கொடிகட்டிப் பறந்த கென்யா, பெண்கள் ஸ்டீபிள்சேஸில் ஒலிம்பிக் தங்கமே வாங்கியதில்லை. அந்தப் பந்தயம் ஒலிம்பிக்கில் வந்ததே 2008-ல்தான். 2016-லும் 2024-லும் தங்கம் வாங்கிய ரூத் ஜெபெட், வின்ஃப்ரெட் யாவி இருவரும் பிறந்தது கென்யாவில். ஓடியது பஹ்ரைன் கொடிக்காக! ஆண்களின் கோட்டையும் இப்போது ஓட்டை விழுந்துதான் கிடக்கிறது. டோக்கியோவிலும் பாரிஸிலும் மொராக்கோவின் சுஃபியான் எல் பக்காலி தங்கத்தைக் கொண்டுபோய்விட்டார்.

ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேவுக்கு ஸ்டேடியம் நிரம்பும் நாடு

ஜமைக்காவின் மக்கள்தொகை 30 லட்சத்துக்கும் குறைவு. சென்னையில் பாதிகூட இல்லை. 2008 பெய்ஜிங்கில் உசேன் போல்ட் பறந்தபோது, அவர் ஊரான ட்ரெலானியில் விளையும் வள்ளிக்கிழங்குதான் காரணம் என்று ஒரு கதை கிளம்பியது. கிழங்கு வியாபாரிகளுக்கு நல்ல காலம்.

அறிவியல் பக்கமிருந்தும் ஒரு கதை வந்தது. 'ஏசிடிஎன்3' என்று ஒரு மரபணு. வேகமாகச் சுருங்கி விரியும் தசைக்கு உதவுவது. ஜமைக்காவில் கிட்டத்தட்ட எல்லோரிடமும் அது நல்ல நிலையில் இருக்கிறது என்றார்கள். உண்மைதான். ஆனால், அது கென்யர்களிடமும் அதே அளவுக்கு இருக்கிறது. அவர்கள் ஏன் நூறு மீட்டரில் ஜெயிக்கவில்லை? உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்களிடம் இருக்கும் ஒன்று, ஒரு தீவு மட்டும் ஜெயிப்பதற்குக் காரணமாக எப்படி இருக்க முடியும்?

ஜமைக்காவில் போய்ப் பார்க்க வேண்டியது 'சாம்ப்ஸ்'. பள்ளிகளுக்கு இடையிலான தடகளப் போட்டி. 1910-ல் ஆரம்பித்தது. வருடா வருடம் மார்ச் மாதவாக்கில் கிங்ஸ்டன் தேசிய மைதானத்தில் ஐந்து நாள் நடக்கும். பள்ளிப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்க மைதானம் நிரம்பி வழியும், டி.வி-யில் நேரலை வரும். முன்னாள் மாணவர்கள் ஸ்கூல் கலர் சட்டை போட்டுக்கொண்டு மேளம் அடித்துக் கத்துவார்கள். நம் ஊரில் ஐ.பி.எல் மேட்ச்சுக்கு என்ன பரபரப்போ, அது அங்கே பத்தாம் வகுப்புப் பையனின் 200 மீட்டர் ஓட்டத்துக்கு. பதினாறு வயதில் அந்தச் சத்தத்துக்கு நடுவே ஓடிப் பழகியவனுக்கு ஒலிம்பிக் மைதானம் பெரிதாகத் தெரியாது. போல்ட்டும் அப்படி வந்தவர்தான்.

முன்பெல்லாம் இந்தப் பிள்ளைகள் ஸ்காலர்ஷிப்பில் அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் போய்விடுவார்கள். அங்கே வாரா வாரம் போட்டியில் ஓடவைத்தே பலரின் காலைத் தேய்த்துவிடுவார்கள். 1999-ல் ஸ்டீபன் ஃப்ரான்சிஸ் 'எம்.வி.பி' என்ற கிளப்பைத் தொடங்கினார். கிளென் மில்ஸின் 'ரேசர்ஸ்' கிளப் இன்னொரு பக்கம். 'எங்கேயும் போகாதே, இங்கேயே இரு' என்றார்கள். பிறகுதான் ஷெல்லி-ஆன் ஃப்ரேசர், போல்ட் என்று வெள்ளம் வந்தது. 2008-லும் டோக்கியோவிலும் பெண்கள் நூறு மீட்டரில் மேடை முழுக்க ஜமைக்காவே நின்றது.

பாரிஸில் அந்தத் தங்கம், சுமார் 1.8 லட்சம் பேர் மட்டுமே இருக்கும் குட்டித்தீவான செயின்ட் லூசியாவுக்குப் போனது. ஜூலியன் ஆல்ஃப்ரெட், அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம். இவர் பதின்ம வயதிலேயே ஊரைவிட்டுக் கிளம்பிப் பள்ளிக்கூடம் சேர்ந்தது எங்கே என்றால், ஜமைக்காவில்!

ஐஸ் உருகினாலும் உருகாத பதக்கம்

நெதர்லாந்து விஷயம் சுவாரஸ்யமான முரண். குளிர்காலத்தில் கால்வாய்கள் உறைந்துபோகும், அதன் மேல் சறுக்கியே ஊருக்கு ஊர் போவார்கள், அதனால்தான் ஸ்கேட்டிங் வருகிறது என்பார்கள். ஃபிரீஸ்லாந்து பகுதியில் பதினொரு ஊர்களைச் சுற்றி சுமார் 200 கிலோமீட்டர் ஐஸ் மேலேயே ஓடும் ஒரு பந்தயம் உண்டு. 1909-ல் தொடங்கியது. வழிநெடுக ஐஸ் 15 சென்டிமீட்டர் கனம் இருந்தால்தான் நடத்துவார்கள். கடைசியாக நடந்தது 1997. அதற்குப் பிறகு அந்த அளவு குளிரே வரவில்லை. பூமி சூடாகிவிட்டது.

அப்படியானால் பதக்கம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஸ்பீடு ஸ்கேட்டிங்கின் 36 பதக்கங்களில் 23 நெதர்லாந்துக்கு. கால்வாயை நம்பாமல் 1960-களிலிருந்தே செயற்கை ஐஸ் மைதானங்களைக் கட்டிவிட்டார்கள். ஹீரன்வீனில் இருக்கும் 'தியால்ஃப்' அரங்கம் 1986-ல் கூரையும் போட்டுக்கொண்டது. குதிகால் பக்கம் பிளேடிலிருந்து விலகி, காலை முழுதாக உந்தவிடும் 'கிளாப் ஸ்கேட்' ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது. 90-களில் கம்பெனிகள் தனித்தனி அணிகளை நடத்த ஆரம்பித்தன. உள்ளூரிலேயே ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு மேலே வந்தவர்கள்தான் ஒலிம்பிக் வந்தார்கள். ஆசை வந்தது கால்வாயிலிருந்து. பதக்கம் வந்தது கூரைக்குக் கீழே இருந்து.

காசு கொடுத்து வாங்க முடியுமா?

முடியும், கொஞ்சம். 1996 அட்லாண்டாவில் பிரிட்டன் வாங்கியது ஒரே ஒரு தங்கம். பதக்கப் பட்டியலில் 36-வது இடம். அவமானம் தாங்காமல், லாட்டரி வருமானத்திலிருந்து விளையாட்டுக்குப் பணத்தைத் திருப்பினார்கள். எதில் பதக்கம் நிறைய, போட்டி கம்மி என்று கணக்குப் போட்டு சைக்கிளிங்கைப் பிடித்தார்கள். மான்செஸ்டரில் 1994-ல் கட்டிய சைக்கிள் அரங்கம் ஏற்கெனவே இருந்தது. 2008-லும் 2012-லும் டிராக் சைக்கிளிங்கின் 10 தங்கத்தில் தலா 7 அவர்களுக்கு. ஆனால், பதக்கம் தராத விளையாட்டுக்குக் காசு கிடையாது என்பதும் அதே திட்டத்தின் விதி. பள்ளிப் பிள்ளைகள் ஆசையாக ஆடும் பாஸ்கெட்பாலுக்கு லண்டன் ஒலிம்பிக்குக்குப் பிறகு நிதி நின்றுபோனது. என்னைக் கேட்டால், இது கொஞ்சம் கசப்பான வெற்றி.

சீனாவும் கணக்குப் போட்டதுதான், இன்னும் பெரிய அளவில். 1959-ல் ரோங் குவோதுவான் டேபிள் டென்னிஸில் உலகச் சாம்பியன் ஆனார். எந்த விளையாட்டிலும் சீனாவின் முதல் உலகச் சாம்பியன் அவர்தான். அதன்பின் சிமென்ட் மேசைகள் பள்ளிக்கூடம், பூங்கா எங்கும் முளைத்தன. 1988-லிருந்து பாரிஸ் வரை ஒலிம்பிக் டேபிள் டென்னிஸில் 42 தங்கங்கள். சீனாவுக்கு 37.

நம்மகிட்டயும் ஒன்று இருந்ததே!

'நமக்கு உடம்பு கிடையாது' என்று சொல்பவர்கள் மறந்துபோகும் விஷயம் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் உலகம் நம்மைப் பார்த்துத்தான் "அது அவங்க ரத்தத்துல இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தது. 1928 முதல் 1956 வரை ஆறு ஒலிம்பிக் ஹாக்கித் தங்கமும் தொடர்ந்து இந்தியாவுக்கு. 1936 பெர்லின் இறுதிப்போட்டியில் ஜெர்மனியை அவர்கள் ஊரிலேயே 8-1 என்று துவைத்தார்கள். 'இந்திய மணிக்கட்டு' என்று ஒரு தத்துவமே இருந்தது. மற்றவர்களுக்கு அப்படி மடங்காதாம்!

அந்த மணிக்கட்டுக்குப் பின்னாலும் படிக்கட்டு இருந்தது. ராணுவ ரெஜிமென்ட்டுகள், ரயில்வே அணிகள், ஆங்கிலோ இந்தியப் பள்ளிகள். தியான்சந்த் ராணுவத்திலிருந்து வந்தவர். ஜலந்தர் பக்கத்தில் சன்சார்பூர் என்று ஒரு கிராமம். அந்த ஒரே கிராமத்திலிருந்து பத்துக்கும் மேற்பட்ட ஒலிம்பிக் ஹாக்கி வீரர்கள். இட்டெனுக்கு அண்ணன் ஊர்.

1976 மாண்ட்ரியலில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைப் புல்தரைக்கு மாறியது. இந்தியா ஏழாவது இடம். 1980 மாஸ்கோவில் நம்ம வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஒரு தங்கம் வந்தது. பல பெரிய அணிகள் புறக்கணித்த ஒலிம்பிக் அது. அதன்பின் 41 வருடம் வெறும் கை. மணிக்கட்டு அப்படியேதான் இருந்தது. தரைதான் மாறிப்போனது. மண் மைதானத்துக்கு ஒரு குச்சியும் பந்தும் போதும். செயற்கைத் தரைக்குக் கோடிக்கணக்கில் பணமும், நனைத்துக்கொண்டே இருக்கத் தண்ணீரும் வேண்டும். நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் கிளப்புக்குக் கிளப் அது வந்துவிட்டது. நம் பிள்ளைகள் மண்ணில் கற்றுக்கொண்டு, பெரியவர்களான பிறகு புல்தரையைப் பார்த்தார்கள். 2008 பெய்ஜிங்குக்கு நாம் தகுதிகூடப் பெறவில்லை. 80 ஆண்டுகளில் அப்படி நடந்தது அதுதான் முதல் முறை.

திரும்பி வந்ததும் அதே படிக்கட்டு வழியாகத்தான். 2018-ல் ஒடிசா அரசு தேசிய ஹாக்கி அணிகளுக்கு ஸ்பான்சர் ஆனது. ஒரு மாநில அரசு ஒரு தேசிய அணிக்கு ஸ்பான்சர் ஆவது அபூர்வம். அந்த மாநிலத்தின் சுந்தர்கர் மாவட்டத்தில் பழங்குடிக் குடும்பங்களின் திருமணம், திருவிழா எல்லாவற்றிலும் ஹாக்கி உண்டு. திலீப் திர்க்கி அங்கிருந்து வந்தவர். டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று வெண்கலம் வாங்கிய அணியில் இருந்த அமித் ரோஹிதாஸ், பிரேந்திர லாக்ரா இருவரும் அந்த மாவட்டம்தான். பாரிஸிலும் வெண்கலம் வந்தது.

ஓட்டத்திலும் ஒரு தகவல். காமன்வெல்த் ஸ்டீபிள்சேஸில் 1998-லிருந்து மூன்று பதக்கத்தையும் கென்யர்களைத் தவிர யாரும் தொட்டதில்லை. 2022 பர்மிங்ஹாமில் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்து விவசாயக் குடும்பத்துப் பையன் அவினாஷ் சாப்ளே நடுவில் புகுந்து வெள்ளி வாங்கினார். தங்கம் போனது 0.05 விநாடியில். பள்ளிப் பருவத்தில் அவர் பெரிய ஓட்டக்காரர் இல்லை. ராணுவத்தில் சேர்ந்து, சியாச்சினில் வேலை பார்த்துவிட்டு வந்து, அங்கே ஒரு கோச் கண்ணில் பட்ட பிறகுதான் இந்தப் பந்தயத்துக்கே வந்தார்.

நம் பக்கத்திலும் ஒரு ஊர் இருக்கிறது. கடலைமிட்டாய்க்குப் பெயர்போன கோவில்பட்டி, தலைமுறை தலைமுறையாக ஹாக்கி ஊர். அங்கே இப்போது செயற்கைப் புல்தரையும், அரசின் ஹாக்கிப் பயிற்சி விடுதியும் இருக்கின்றன. அந்த விடுதியில் இருந்த இருவர், கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூர் கார்த்தி செல்வமும், 2022 ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இடம்பிடித்தார்கள். ஜகார்த்தாவில் பாகிஸ்தானுக்கு எதிரான முதல் மேட்ச். ஆட்டம் 1-1 என்று முடிந்தது. இந்தியாவின் அந்த ஒரு கோலை அடித்தது கார்த்தி.